அளவுச் சட்டை

எங்கள் நொச்சிப்பேரியில் அடி ஒருவர் உடம்பில் விழுந்தது, அதன் தடம் இன்னொருவர் உடம்பில் விழுந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் இதுவரை எத்தனை பேர் அடுத்தவன் சட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கோமதிநாயகம், நாலுமுக்கில் தையல்கடை வைத்திருப்பவன், முப்பது வருஷமாக இந்த ஊர் ஆம்பிளைகளின் கழுத்தையும் தோளையும் மணிக்கட்டையும் டேப்பு போட்டு அளந்தவன், எவனுக்கு வலது தோள் இறக்கம், எவன் தொப்பையை எக்கிக்கொண்டு அளவு கொடுப்பான் என்பதெல்லாம் நோட்டுப் பார்க்காமலே சொல்லக்கூடியவன். ஆகவே உடம்பு விஷயத்தில் நான் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம். என்னை முழுசாக நம்ப வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்தப் பங்குனிக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் யாரையும் முழுசாக நம்புவதில்லை.

பங்குனி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில்தான் அது நடந்தது. பெரிய குளத்துத் தண்ணீரை எடுத்துப் போத்தலில் அடைத்து விற்க ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள், குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்துவிட்டது, குழாயில் நாலு நாளைக்கு ஒருதரம் வந்துகொண்டிருந்த தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருதரம் வந்தது, எட்டு பன்னிரண்டானது, பன்னிரண்டாவது நாளும் வெறும் காற்று வந்தபோது பெண்கள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்து நாலுமுக்கில் உட்கார்ந்துவிட்டார்கள், பின்னால் ஆம்பிளைகளும் கொஞ்சம் பேர் நின்றார்கள். நாலு ரோட்டிலும் பஸ் நின்றது. வெளியூரிலிருந்து இரண்டு வேன் நிறையப் போலீஸ் வந்து இறங்கியது, தலைக்கவசமும் பிரம்புக் கேடயமும் வைத்திருந்தவர்கள், எங்கள் ஊரில் ஒருவர் பெயரும் தெரியாதவர்கள்.

என் கடையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் ஹெம்மிங் செய்யவும் இருந்தவள் ஆவுடைத்தங்கம். புருஷன் கொல்லத்தில் பேக்கரியில் மாவு பிசைகிறான், இங்கே மாமியாரும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் இவள் கையை நம்பி இருக்கிறார்கள். அவள் காஜா எடுத்தால் இயந்திரம் எடுத்ததா கை எடுத்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்குப் பார்த்துக் கல்யாண வீட்டுச் சட்டைகள் பதினெட்டு பட்டன் கட்டாமல் கிடந்தன.

“ஒரு மணி நேரம் போயிட்டு வந்துருதேன் அண்ணாச்சி. எங்க தெருவுல எல்லாரும் போறாவ, நான் மட்டும் போவலன்னா நல்லாருக்காது” என்றாள்.

“போ. அடி வாங்கிட்டு வந்து இங்கன ஒக்காந்து அழப்பிடாது” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டுப் போனாள்.

கல் முதலில் வந்ததா விசில் முதலில் வந்ததா என்பதில் ஊர் இன்றுவரை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கல் என்று சொல்பவர்கள் அந்தக் கல்லின் அளவைக் கையால் காட்டுகிறார்கள், மாதத்துக்கு மாதம் அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. விசில் என்று சொல்பவர்கள் அப்போது மணி பத்து முப்பத்தைந்து என்கிறார்கள், பத்து நாற்பது என்கிறார்கள். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன், எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் ஷட்டரை இறக்கும் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தேன். கொக்கி கிடைத்து, பாதி ஷட்டரை இழுத்தபோது பார்த்தேன்: குடங்கள் உருண்டன, பெண்கள் ஓடினார்கள், ஆவுடைத்தங்கம் தலையை மறைக்க வலது கையைத் தூக்கினாள், கம்பு அவள் மணிக்கட்டில் இறங்கியது, கண்ணாடி வளையல் மூன்று உடைந்து சிதறியது. நான் கத்தவில்லை. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னா கேட்டாளா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், மீதி ஷட்டரையும் இறக்கிவிட்டேன்.

அடிபட்டவர்கள் முப்பத்தொரு பேர். மறுநாள் காலையில் அவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, காயச் சான்றிதழ் கேட்டபோது, டாக்டர் ஒவ்வொருவராக அடிபட்ட இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார், தொட்டார், அழுத்தினார். தொட்ட இடத்திலெல்லாம் அவர்கள் அலறினார்கள். ஆனால் தோலில் ஒன்றுமே இல்லை, சிவப்பில்லை, வீக்கமில்லை, ஒரு கீறல் இல்லை, குளித்துத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. டாக்டர் நல்ல மனுஷன்தான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் பார்த்தார், பிறகு முப்பத்தொரு சீட்டிலும் ‘வெளிக்காயம் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதே காலையில், ஒரு அடியும் படாதவர்கள் வீடுகளில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. ரைஸ்மில் சங்கரபாண்டியன் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தபோது அவர் பெண்சாதி, “என்னதுங்க இது, தோள்ல கருப்பா?” என்று கேட்டாள். ஓய்வுபெற்ற வாத்தியார் குற்றாலிங்கம் சார்வாள் முதுகில் குறுக்கே இரண்டு பட்டை. மாடியில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் தொடையில் ஒன்று. யாருக்கும் வலி இல்லை, அழுத்தினாலும் இல்லை, அது பாட்டுக்கு இருந்தது. நான் கடையைத் திறந்து டேப்பைக் கழுத்தில் போட்டபோது என் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். விரல் அகலத்துக்கு ஒரு கருநீலப் பட்டை, அதன்மேல் பிறைபோல மூன்று சின்ன வெட்டு. என் கையில் நான் என்றைக்கு வளையல் போட்டேன்? அன்று முதல் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தேன்.

முதல் வாரம் ஊர் இதைச் சூட்டுக் கட்டி என்றது, மூட்டைப்பூச்சி என்றது, புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றது. இரண்டாவது வாரம் ஒருவரும் பேசவில்லை, பேசாமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அடித்தது சரி என்று எவன் நினைத்தானோ, வாயால் சொல்ல வேண்டியதுகூட இல்லை, மனதுக்குள் ஒரு ஓரத்தில் நினைத்திருந்தால் போதும், தடம் அவனைத் தேடி வந்துவிட்டது. வலி மட்டும் அடிபட்டவனோடு இருந்துகொண்டது.

எங்கள் ஊர் முருகன் கோயிலில் ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது அந்தக் காலத்து வழக்கம். அந்த வாரத்து வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. வந்த பாதியும் தீபாராதனை காட்டும்போது சாமியைப் பார்க்கவில்லை, முன்னால் நின்றவன் முதுகைப் பார்த்தது. முதுகு சுத்தமாக இருந்தவர்கள் காலையும் மாலையும் வந்து, தேவையில்லாமல் மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றி, திரும்பித் திரும்பி நின்று எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும், “முதுவு சுத்தமாத்தான் இருக்கு, தொடையில என்ன வச்சிருக்கானோ” என்று பேச்சு நடந்தது. பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையை, குளத்தில் குளித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பி, பின்னாலேயே மச்சினனை அனுப்பிப் பார்த்துவரச் சொன்ன வீடுகள் உண்டு. குளத்துக்குத்தான் வேலி போட்டாயிற்றே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, அப்படியானால் குழாயடியில் குளிக்கச் சொல்லுங்கள் என்றார்கள், குழாயில்தான் தண்ணீர் இல்லையே என்று அவர்கள் எழுந்து போனார்கள். பெண்கள் ஜாக்கெட்டின் முதுகை ஏற்றித் தைக்கச் சொன்னார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் டீக்கடையில் பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

என் கடையிலோ வேலை குவிந்தது. வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது, உள்ளே எல்லோரும் முழுக்கை கேட்டார்கள், காலரை உயர்த்தி வைக்கச் சொன்னார்கள், சட்டை இறக்கம் முழங்கால்வரை இருந்தாலும் தேவலை என்றார்கள். ஆனால் ஒருவனும் டேப்பைக் கிட்டே விடவில்லை. “அளவு எதுக்கு அண்ணாச்சி, இந்தச் சட்டையப் பாத்து அப்படியே தைங்க” என்று பழைய சட்டை ஒன்றை மேஜையில் போட்டுவிட்டுப் போனார்கள். என் அலமாரி முழுக்க அளவுச் சட்டைகள் தொங்கின. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இந்த ஊர் ஆம்பிளைகளை நான் தொடாமல் தைத்தேன்.

போலீஸ் ஸ்டேஷன் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட விதம் வேறு. எங்கள் ஊர் ஏட்டு பரமார்த்தலிங்கம், பெரிய உடம்புக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், யூனிபார்ம் பேன்ட்டு இடுப்பைத் தளர்த்தித் தைக்க வந்தார்.

“ஸ்டேஷன்ல யாருக்காவது இருக்கா ஏட்டையா?” என்று கேட்டேன், பேன்ட்டைப் பார்த்துக்கொண்டே.

“எங்கள்ல ஒருத்தனுக்கும் இல்ல. வெளியூர்லேருந்து வந்தானுவள்லா, அவனுவளுக்கும் இல்லயாம். விசாரிச்சேன்.”

“அதெப்படி?”

“சரியா தப்பான்னு எங்கள யாரு நெனைக்க விட்டா அண்ணாச்சி? அடின்னாவ, அடிச்சானுவ. நெனச்சது பூரா நீங்கதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. உடம்பில் தடம் உள்ளவர்களை இன்ஸ்பெக்டர் நல்லவர்கள் என்று குறித்து வைக்கிறாராம். பாஸ்போர்ட் விசாரணைக்குப் போனால் பெஞ்சில் உட்கார வைத்து, மரியாதையாக, “சட்டையை லேசாத் தூக்குங்க சார்” என்று கேட்கிறார்களாம், இருந்தால் அன்றைக்கே கையெழுத்தாம். சவுதிக்குப் போக வேண்டிய இரண்டு பேர் சொட்டு நீலத்தால் முதுகில் பட்டை வரைந்துகொண்டு போய், வேர்வையில் கரைந்து மாட்டிக்கொண்டார்களாம். ஆக, ஊரில் தடம் உள்ளவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் மறைத்தான், ஸ்டேஷனில் காட்டினான். இல்லாதவன் ஸ்டேஷனில் மறைத்தான், பக்கத்து வீட்டில் காட்டினான். இதைச் சொல்லிக்கொண்டே ஏட்டு என் கையைப் பிடித்துச் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மேலே தள்ளினார். போலீஸ்காரர்கள் பார்வைக்கு ஒன்றும் தப்பாது.

“நெனச்சேன்” என்றார். “அண்ணாச்சி, இருபத்தேழாந்தேதி இந்த அடி விஷயமா தாலுகா ஆபீஸ்ல விசாரணை இருக்கு. பத்தடி தூரத்துல நின்னவரு நீங்க. யாரையும் கம்பால தொடலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. ஒங்கள விட நல்ல சாட்சி எங்களுக்குக் கெடைக்குமா?”

தொடவில்லை என்று ஆனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு பேர் மேலும் கல்லெறிந்ததாக வழக்கு இருந்தது. அடியே இல்லை என்று விசாரணை எழுதிவிட்டால் மிச்சம் இருப்பது கல் மட்டும்தான். ஆவுடைத்தங்கம் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போவாள், குறைந்தபட்சம் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைவாள், அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அடி உண்டு என்று காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. இருப்பது என்னிடம்தான் இருந்தது, முழுக்கைச் சட்டைக்குள்.

இதற்கு நடுவில் சங்கரபாண்டியன் தோளில் இருந்தது போய்விட்டது. அவர் மருமகன் ஹெல்மெட் போடாமல் வந்ததற்கு, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்சாதி பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு போலீஸ்காரர் கன்னத்தில் அறைந்துவிட்டார். மகள் போன் பண்ணி அழுதாள். அன்றைக்குச் சாயங்காலம் சங்கரபாண்டியன் பனியனைக் கழற்றினால் தோள் சுத்தமாக இருந்தது. அதே சாயங்காலம் கீழத்தெருவில், அன்றைக்குத் தோளில் அடி வாங்கியிருந்த லாரி டிரைவர் மிக்கேல், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன், தோளைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு, சட்டை இல்லாமல், “வந்துட்டு வே! எனக்கு வந்துட்டு!” என்று கூவிக்கொண்டு மேலத்தெரு, தேரடி, நாலுமுக்கு எல்லாம் ஓடி, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் திரும்பிக் காட்டி, நேராக ஆஸ்பத்திரியில் போய் நின்றான். டாக்டர் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு எழுதிக் கொடுத்தார். கருப்புத் தோளோடு ஒருத்தன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதைக் கேட்டு ஊரில் பலர் கண்ணாடி முன்னால் நின்று, “அடிச்சது தப்புதான், ரொம்பத் தப்பு” என்று சொல்லிப் பார்த்தார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வாயால் சொன்னதை அது காதில் வாங்கவில்லை. சங்கரபாண்டியனை மட்டும் இரண்டு பக்கமும் நம்பவில்லை. போலீஸ்காரர்கள் அவர் மில்லில் டீ குடிப்பதை நிறுத்தினார்கள், அடிபட்டவர்கள், “மருமவன் வாங்குன பெறவுதான் தெரிஞ்சுதாக்கும்” என்றார்கள். “உண்மைதான வே” என்று அவரே என்னிடம் சொன்னார், அளவுச் சட்டை இல்லாமல் நேரில் வந்து, கையைத் தூக்கி நின்று அளவு கொடுத்தபோது.

ஆவுடைத்தங்கம் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பட்டன் கட்டினாள், ஒரு சட்டைக்கு அரை நாள் ஆனது. காஜாவை நானே எடுத்தேன், அசிங்கமாக வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தடத்தை என் கையில் வைத்துக்கொண்டே அவள் வலியை நான் நம்பவில்லை. தோல் சுத்தமாக இருக்கிறது, பிறகு எப்படி வலிக்கும், கேசுக்காக யாரோ சொல்லிக்கொடுத்து இப்படிக் கையை மடியில் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள், நடிப்பு என்ற சொல் அந்த மாதம் எல்லோர் வாயிலும் இருந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம், கடையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் யோசித்துக்கொண்டே சட்டைக் கைக்கு மேலாக மணிக்கட்டைத் தேய்த்தேன். எனக்குப் பின்னால் அவள் ஸ்ஸ் என்றாள். திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வேண்டுமென்றே, கட்டைவிரலால் அழுத்தினேன். பட்டன் டப்பா அவள் கையிலிருந்து விழுந்து, பட்டன்கள் தரையெங்கும் ஓடின. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு அழுத்தினேன்.

அவள் தையல் இயந்திரத்தின் மேல் சாய்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. மூச்சு திரும்பியபிறகு என்னைப் பார்த்தாள்.

“ரெண்டாவது தடவையே தெரிஞ்சு போச்சுல்லா அண்ணாச்சி” என்றாள். “மூணாவது எதுக்கு?”

நான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“ஒங்க கையிலதான் இருக்குன்னு மொத நாளே எனக்குத் தெரியும். நீங்க கத்திரி பிடிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்டும். முழுக்கைச் சட்டைத் துணியெல்லாம் வெட்டுன அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல. கொஞ்சம் மெதுவா வெட்டுங்கன்னு கேக்கலாம்னு வருவேன். கேட்டா நடிக்கேன்னு நெனைப்பிய.”

அப்படித்தான் நினைத்திருப்பேன். நான் தரையில் உட்கார்ந்து பட்டன்களைப் பொறுக்கினேன், ஒன்றுகூட விடாமல் பொறுக்கினேன். அவமானமாக இருந்தது, அழுகை வந்தது. ஆனால் சாயங்காலம் பார்த்தபோது தடம் அங்கேயேதான் இருந்தது, மறுநாள் காலையிலும் இருந்தது. அதனால் என் அவமானத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் கத்திரியைத் தொடவில்லை.

இருபத்தேழாந்தேதி தாலுகா ஆபீஸ் கூடத்தில் ஊரே நின்றது, எல்லோரும் முழுக்கையில், வேர்த்து ஒழுகிக்கொண்டு. விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர், மென்மையாகப் பேசுகிறவர், எல்லோரையும் வாங்க போங்க என்றார், அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். ஆவுடைத்தங்கத்தின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துவிட்டு, “வெளிக்காயம் இல்லைன்னு போட்டிருக்கேம்மா” என்றார். அவள், “ஆமா சார்” என்றாள். ஏட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நான் முன்னால் போனேன்.

“நீங்க என்ன பாத்தீங்க?”

“பத்தடி தூரத்துல நின்னேன் சார். கம்பு இவ வலது மணிக்கட்டுல விழுந்துது. வளையல் மூணும் ஒடஞ்சுது. நான் ஷட்டர எறக்கிட்டேன்.”

கூடத்தில் சத்தம் எழுந்தது. ஏட்டு நிமிர்ந்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

“சத்தம் போட்டுக் கூப்பிடலையா? தடுக்கலையா?”

“இல்ல சார். சொன்னா கேட்டாளான்னு நெனச்சேன். இப்பக் கேக்க அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா அப்படித்தான் நெனச்சேன். அதனால இவ காயம் எங்கிட்ட வந்துட்டு. இந்தா பாருங்க.”

வலது கைப் பட்டனைக் கழற்றினேன். அவள் கட்டிய பட்டன், சீக்கிரம் கழலவில்லை. கையைச் சுருட்டி மேலே ஏற்றி நீட்டினேன். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. நரம்பு தெரிந்தது, ரோமம் தெரிந்தது, வேறொன்றும் இல்லை. போய்த் தொலையாதா என்று ஒரு மாதமாக நான் வேண்டியது, வேண்டாத நேரம் பார்த்துப் போய்விட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அண்ணாச்சி” என்றாள் ஆவுடைத்தங்கம்.

திரும்பினேன். அவள் தன் வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கருநீலப் பட்டையும் அதன்மேல் மூன்று வெட்டும் அவள் கையில், அதற்குரிய இடத்தில் இருந்தன. மிக்கேல் எங்கிருந்தோ, “வந்துட்டு!” என்றான். அவள் அந்தக் கையை அதிகாரியின் மேஜைமேல், ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, அதே மென்மையான குரலில், “ஒரு மாசத்துக்கு முன்னால பட்ட அடி இவ்வளவு பச்சையா இருக்குமாம்மா?” என்று கேட்டார். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேர்த்து நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்தார், லேசாகச் சிரித்தார். என்ன நினைத்தார் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? இந்த ஜனங்களே இப்படித்தான் என்று நினைத்திருக்கலாம். இதுகளுக்கு நாலு போட்டது தப்பே இல்லை என்று நினைத்திருக்கலாம், எவ்வளவு படித்த மனுஷனுக்கும் அந்த ஒரு கணம் வரத்தான் செய்கிறது. பேனாவைத் திறந்து எழுதக் கையை வைத்தார்.

மேஜைமேல் அவள் கை சுத்தமானதை முன்வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். அரைக்கைச் சட்டைக்குக் கீழே அவர் வலது மணிக்கட்டில் பட்டை விழுந்ததையும் பார்த்தோம், பிறைபோல மூன்று வெட்டோடு. பேனா உருண்டு கீழே விழுந்தது. அவர் சட்டென்று இடது கையால் அந்த மணிக்கட்டை மூடி, யாரும் பார்க்காதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடைத்தங்கம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைந்தாள்.

“சார், அழுத்தாதிய” என்றாள். “எனக்கு வலிக்கி.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து, இதையும் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டாள். அவர் பிடியை மெதுவாகத் தளர்த்தினார். கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது என்றார்.

அது இன்னும் ஒத்திவைக்கப்பட்டுத்தான் இருக்கிறது. ஏட்டு இப்போது என் கடைக்கு வருவதில்லை, பேன்ட்டை வாங்கிக்கொண்டு போகக்கூட வேறு ஆளை அனுப்பினார். ஆவுடைத்தங்கம் தினமும் வந்து இடது கையால் பட்டன் கட்டுகிறாள். காலை பதினொரு மணி வாக்கில் அவள் முகம் சுருங்கும், கண்ணை மூடிக்கொள்வாள், “கையெழுத்துப் போட ஆரம்பிச்சிட்டாரு” என்பாள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம், கொஞ்சம் விடும். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்குகிறாள். அவர் என்றைக்கு எத்தனை தாளில் கையெழுத்துப் போடுகிறார் என்பது அந்த ஆபீசில் இருப்பவர்களைவிட இவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் இவள் தாள் அதில் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

போன வியாழக்கிழமை அந்த அதிகாரியின் ஆபீஸ் பியூன் ஒரு பையோடு வந்தார். நல்ல வெள்ளைத் துணி, ஆறு சட்டைக்கு.

“முழுக்கை வேணுமாம் அண்ணாச்சி. கைப்பட்டி நல்லா எறங்கி, உள்ளங்கையத் தொடுற மாதிரி. ஐயாவுக்கு நேரமில்ல, அளவுச் சட்டை குடுத்து விட்டிருக்காவ.”

மேஜைமேல் ஒரு பழைய சட்டையை வைத்தார். நான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன், திரும்பிப் பார்த்தேன். ஆவுடைத்தங்கம் எழுந்து வந்தாள். இடது கையால் அந்தச் சட்டையை எடுத்து, ஒழுங்காக மடித்து, துணியோடு சேர்த்துப் பைக்குள் வைத்து, பியூன் கையில் கொடுத்தாள்.

“அளவுச் சட்டைக்கு இங்கன தைக்கிறதில்லன்னு சொல்லுங்க” என்றாள். “நேர்ல வந்து கையக் குடுக்கச் சொல்லுங்க.”